அமெரிக்க, ஜப்பானிய இயங்குபட ஒப்பீடு

இயங்குபடம் அல்லது அசைவூட்டம் என்பது அசையாத படங்களை விரைவாக அடுத்தடுத்துக் காட்டி அசைவு போன்ற தோற்றத்தை உருவாக்கும் கலை ஆகும். பேச்சு வழக்கில் இது கார்ட்டூன் என்றும் அனிமேசன் என்றும் அழைக்கப்படுகிறது. ஐக்கிய அமெரிக்காவும் ஜப்பானும் இக்கலையில் மிகப் பெரிய மரபுகளை உருவாக்கிய இரு நாடுகளாகும். ஜப்பானிய மொழியில் அனிமே என்ற சொல் எல்லா இயங்குபடங்களையும் குறிக்கும். ஜப்பானுக்கு வெளியே அச்சொல் ஜப்பானில் ஆக்கப்பட்ட இயங்குபடங்களை மட்டுமே குறிக்கிறது.

இவ்விரு மரபுகளில் எது தரமானது என்ற கேள்வி பரவலாக எழுப்பப்படுகிறது. அமெரிக்கப் படங்கள் வழவழப்பாக அசைபவை, ஜப்பானியப் படங்கள் குறைவாக அசைந்தாலும் ஆழமான கதை கொண்டவை என்பது பொதுவாகக் கூறப்படும் விடை. இவ்விடை ஓரளவுக்கே சரியானது. வரலாற்றை நோக்கினால், இவ்வேறுபாட்டின் பெரும்பகுதி ஓவியர்களின் திறமையால் ஏற்பட்டதன்று. கையிலிருந்த பணமும் காலமும் படத்தின் எப்பகுதியில் செலவிடப்பட்டன என்பதால் ஏற்பட்டது. இந்தியாவில் இவ்விரு மரபுகளும் சந்தித்த நிகழ்வுகள் இதனைத் தெளிவாகக் காட்டுகின்றன.

அடிப்படைக் கருத்துகள்

திரைப்படம் ஒரு நொடிக்கு 24 படச்சட்டகங்கள் என்ற வேகத்தில் ஓடுகிறது. ஒவ்வொரு சட்டகத்துக்கும் ஒரு புதிய படம் வரைந்தால் நொடிக்கு 24 படங்கள் தேவை. இது ஒன்றில் வரைதல் எனப்படும். ஒரு படத்தை இரண்டு சட்டகங்களுக்கு நிறுத்திவைத்தால் 12 படங்கள் போதும்; இது இரண்டில் வரைதல். மூன்று சட்டகங்களுக்கு நிறுத்திவைத்தால் 8 படங்கள் போதும். இது மூன்றில் வரைதல்.

அசைவின் முக்கியமான நிலைகளைக் காட்டும் படங்கள் முதன்மைப் படங்கள் எனவும், அவற்றுக்கு இடையிலான நிலைகளை நிரப்பும் படங்கள் இடைப்படங்கள் எனவும் அழைக்கப்படுகின்றன. கணினிக்கு முந்தைய காலத்தில் இப்படங்கள் செல் எனப்படும் ஒளி ஊடுருவும் தாளில் படியெடுக்கப்பட்டு, வண்ணம் தீட்டப்பட்டு, பின்னணி ஓவியத்தின் மேல் வைத்து ஒவ்வொன்றாகப் படம் பிடிக்கப்பட்டன. செல் முறைக்கான காப்புரிமைக்கு 1914 இல் ஏர்ல் ஹர்ட் என்ற அமெரிக்கர் விண்ணப்பித்தார்.

உருவத்தின் உடல் முழுவதும் தொடர்ந்து அசையுமாறு வரைவது முழு இயக்கம் எனப்படும். தேவையான உறுப்பை மட்டும் அசைத்து, மற்றவற்றை நிறுத்திவைத்து, வரைந்த படங்களை மீண்டும் மீண்டும் பயன்படுத்துவது மட்டுப்பட்ட இயக்கம் எனப்படும். முழு இயக்கத்திலும் எல்லாக் காட்சிகளும் ஒன்றில் வரையப்படுவதில்லை. பெரும்பாலான காட்சிகளுக்கு இரண்டில் வரைதலே பயன்படுகிறது.

எடுத்துக்காட்டு: உப்பளக் காட்சி

விழுப்புரம் மாவட்டக் கடற்கரையில் உள்ள மரக்காணம் உப்பளத்தில் ஒரு தொழிலாளி நீண்ட கைப்பிடி கொண்ட பலகையால் பாத்தியிலிருந்து உப்பை வாருவதாகக் கொள்வோம். நிலம் சமதளமாகவும், கண்ணுக்கெட்டும் தொலைவுவரை வெறுமையாகவும் இருப்பதால் இக்காட்சியில் அசைவது மனிதர் மட்டுமே. எனவே வரையும் முறைகளின் வேறுபாட்டை இதில் எளிதாகக் காணலாம். காட்சியின் நீளம் 10 நொடிகள், அதாவது 240 சட்டகங்கள்.

முழு இயக்க முறையில் இக்காட்சியை இரண்டில் வரைந்தால் 120 படங்கள் தேவை. குதிகால் சேற்றில் ஊன்றுவது, முதுகு வளைவது, ஈர உப்பின் எடையால் பலகை ஒரு கணம் தயங்கிப் பின் நகர்வது ஆகிய அனைத்தும் வரையப்படும். பார்ப்பவர் உப்பின் கனத்தை உணர்வார்.

ஜப்பானியத் தொலைக்காட்சித் தொடர்களில் பரவலான முறையில் அதே காட்சி மூன்றாகப் பிரிக்கப்படலாம். முதல் 4 நொடிகள் வெயிலில் மின்னும் பாத்திகளின் ஒரே ஓவியத்தின் மீது படக்கருவி மெல்ல நகரும்; இதற்கு உருவப் படம் எதுவும் தேவையில்லை. அடுத்த 3 நொடிகள் முகம் அண்மைக் காட்சியில் தோன்றும். கூச்சத்தால் கண்கள் இடுங்குவதற்கு 4 படங்கள் போதும். கடைசி 3 நொடிகள் உப்பு வாருவதை மூன்றில் வரைந்தால் 24 படங்கள் ஆகும். மொத்தம் 28 படங்கள். பார்ப்பவர் உப்பின் கனத்தைக் காட்டிலும் வெயிலையும் தனிமையையும் உணர்வார்.

இரண்டாம் முறை முதல் முறையின் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவான படங்களையே கொண்டுள்ளது. ஆனால் அதன் முழுப் பொறுப்பும் பின்னணி ஓவியத்தின் மீதும், காட்சிகளைப் பிரிக்கும் இயக்குநரின் மீதும் விழுகிறது. பின்னணி ஓவியம் மோசமாக இருந்தால் அக்காட்சியில் பார்ப்பதற்கு எதுவும் இராது.

அமெரிக்க மரபு

வின்சர் மக்கே 1914 இல் வெளியிட்ட கெர்ட்டி என்ற டைனோசர் படம், உருவத்துக்கு ஒரு தனிக் குணத்தைக் கொடுத்த தொடக்ககாலப் படங்களுள் ஒன்று. வால்ட் டிஸ்னியின் நிறுவனம் 1928 இல் ஸ்டீம்போட் வில்லி குறும்படத்தையும், 1937 இல் ஸ்னோ ஒயிட் முழுநீளப் படத்தையும் வெளியிட்டது. இக்காலத்தில் டிஸ்னி ஓவியர்கள் உயிருள்ளவற்றின் அசைவை ஆராய்ந்து சில விதிகளை வகுத்தனர். பொருள் நசுங்கி நீளுதல், ஒரு செயலுக்கு முன் எதிர்த்திசையில் ஆயத்தமாதல், உடல் நின்ற பின்னும் ஆடையும் முடியும் தொடர்ந்து அசைதல் போன்றவை அவற்றுட் சில. பிராங்க் தாமஸ், ஆலி ஜான்ஸ்டன் ஆகிய இரு டிஸ்னி ஓவியர்கள் 1981 இல் வெளியிட்ட நூலில் இவை 12 கோட்பாடுகளாகத் தொகுக்கப்பட்டன. இன்றும் பல நாடுகளில் மாணவர்களுக்கு இவை கற்பிக்கப்படுகின்றன.

மட்டுப்பட்ட இயக்கத்தை ஜப்பானியக் கண்டுபிடிப்பாகப் பலர் கருதுகின்றனர். இது தவறாகும். 1941 இல் டிஸ்னி நிறுவனத்தில் நடந்த வேலைநிறுத்தத்தின் பின்னர் வெளியேறிய ஓவியர்கள் பங்கேற்ற யூ.பி.ஏ. என்ற நிறுவனம், தட்டையான உருவங்களையும் குறைந்த அசைவுகளையும் ஒரு புதிய கலைப்பாணியாகவே முன்வைத்தது. அதன் ஜெரால்ட் மக்பாயிங்-பாயிங் (1950) அகாதமி விருது பெற்றது. டாம் அண்டு ஜெர்ரி குறும்படங்களை உருவாக்கிய வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பராவும் 1957 இல் சொந்த நிறுவனம் தொடங்கி, தொலைக்காட்சியின் குறைந்த செலவுக்கு ஏற்ப இம்முறையைப் பயன்படுத்தினர். அவர்களது பிளின்ட்ஸ்டோன்ஸ் தொடர் (1960-1966) இம்முறையில் ஆக்கப்பட்டதே.

ஜப்பானிய மரபு

ஜப்பானின் முதல் முழுநீள இயங்குபடம் போர்க்காலப் பரப்புரைப் படமாக 1945 இல் வெளிவந்தது. 1956 இல் தொடங்கப்பட்ட தோயி இயங்குபட நிறுவனம், 1958 இல் வெண்பாம்பு பற்றிய சீனக் கதையை முதல் முழுநீள வண்ண இயங்குபடமாக வெளியிட்டது. இப்படம் டிஸ்னியைப் போன்ற முழு இயக்கத்தை இலக்காகக் கொண்டது.

மாற்றம் தொலைக்காட்சியால் வந்தது. மங்கா எனப்படும் ஜப்பானியப் படக்கதைகளின் புகழ்பெற்ற ஓவியர் ஒசாமு தெசூக்கா, 1961 இல் முஷி என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். டிஸ்னி படங்களைப் பெரிதும் வியந்த இவர், தம் உருவங்களின் பெரிய கண்களை அப்படங்களின் தாக்கத்தால் வரைந்தார். அனிமேயின் அடையாளமாக இன்று கருதப்படும் பெரிய கண்களுக்கு அமெரிக்க வேரும் உண்டு என்பது குறிப்பிடத்தக்கது. இவரது ஆஸ்ட்ரோ பாய் 1963 சனவரி 1 அன்று ஒளிபரப்பாகத் தொடங்கியது. வாரம் ஒரு பகுதியை மிகக் குறைந்த பணத்தில் முடிக்க வேண்டியிருந்ததால், மூன்றில் வரைதல், வாயை மட்டும் அசைத்தல், வரைந்த படங்களைச் சேமித்து வேறு பகுதிகளில் மீண்டும் பயன்படுத்துதல் ஆகிய முறைகள் கையாளப்பட்டன.

கட்டாயத்தால் பிறந்த இம்முறைகள் பின்னர் ஓர் அழகியலாக வளர்ந்தன. அசையாமல் நிற்கும் முகம், வெற்று வானம், மழை பெய்யும் தெரு ஆகியவை கதையின் உணர்வைச் சொல்லும் கருவிகளாயின. அதே வேளையில், பணமும் காலமும் கிடைத்தபோது ஜப்பானியர் முழு இயக்கத்தையும் கையாண்டனர். கட்சுஹிரோ ஒத்தோமோவின் அகிரா (1988) படத்துக்கு 1,60,000-க்கும் மேற்பட்ட செல்கள் பயன்பட்டன. 1985 இல் நிறுவப்பட்ட கிப்லி நிறுவனத்தில் ஹயாவோ மியசாக்கி இயக்கிய ஸ்பிரிட்டட் அவே (2001), தி பாய் அண்டு தி ஹெரான் (2023) ஆகியவை சிறந்த இயங்குபடத்துக்கான அகாதமி விருதைப் பெற்றன.

ஆக்கமுறை வேறுபாடுகள்

குரல் பதிவு: அமெரிக்காவில் பொதுவாக நடிகர்களின் குரல் முதலில் பதிவு செய்யப்பட்டு, அதற்கேற்ப வாயும் முகமும் வரையப்படுகின்றன. ஜப்பானில் பெரும்பாலும் படம் வரையப்பட்ட பின்னரே குரல் சேர்க்கப்படுகிறது. ஆகவே வாயசைவு எளிமையாக இருக்கும். உரையாடலை முன்னரே பதிவு செய்த அகிரா ஒரு விதிவிலக்கு.

வேலைப் பங்கீடு: டிஸ்னி மரபில் ஒரு கதைமாந்தருக்கு ஒரு தலைமை ஓவியர் பொறுப்பேற்பது வழக்கம். இதனால் அம்மாந்தரின் நடையும் முகபாவமும் படம் முழுவதும் ஒரே தன்மையுடன் அமையும். ஜப்பானில் காட்சிவாரியாக வேலை பிரிக்கப்படுகிறது. ஒரே காட்சியில் வரும் எல்லா மாந்தரையும் ஒரே ஓவியர் வரைவார். வெவ்வேறு கைகள் வரைந்தவற்றை ஒத்திசைக்க, படங்களைத் திருத்தும் வரைகலை இயக்குநர் ஒருவர் இருப்பார்.

கதையின் நீளம்: அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்கள் நெடுங்காலம் ஒரு பகுதியில் ஒரு கதை முடியுமாறு ஆக்கப்பட்டன. பல ஜப்பானியத் தொடர்கள் மங்காவைத் தழுவியவை ஆதலால் ஒரே கதை பல பகுதிகளுக்கு நீளும்.

இந்தியாவில் இரு மரபுகளும்

இந்திய அரசின் திரைப்படப் பிரிவு மும்பையில் இயங்குபடப் பிரிவொன்றை நடத்தியது. டிஸ்னி நிறுவனத்தில் ஸ்னோ ஒயிட், பேம்பி போன்ற படங்களில் பணியாற்றிய கிளேர் வீக்ஸ், 1956 இல் அமெரிக்கத் தொழில்நுட்ப உதவித் திட்டத்தின் கீழ் அங்கு வந்து இந்திய ஓவியர்களுக்குப் பயிற்சியளித்தார். இவர் இந்தியாவில் பிறந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது. இப்பயிற்சியின் விளைவாக, புத்தர் சாதகக் கதையைத் தழுவிய தி பேன்யன் டீர் என்ற குறும்படம் 1957 இல் வெளிவந்தது. வீக்சிடம் பயின்றவர்களுள் ஒருவர் ராம் மோகன் (1931-2019). வேதியியல் பயின்ற இவர் 1956 இல் திரைப்படப் பிரிவில் சேர்ந்தார். பின்னாளில் இந்திய இயங்குபடத்தின் தந்தை என அழைக்கப்பட்ட இவருக்கு 2014 இல் பத்மசிறீ விருது வழங்கப்பட்டது.

இந்தியக் காட்டை இரு மரபுகளும் தனித்தனியே வரைந்த நிகழ்வும் உண்டு. ருட்யார்ட் கிப்ளிங்கின் ஜங்கிள் புக் கதைகளை டிஸ்னி 1967 இல் 78 நிமிடத் திரைப்படமாக வெளியிட்டது. ஜப்பானின் நிப்பான் அனிமேசன் நிறுவனம் அதே கதைகளை 1989-1990 இல் 52 பகுதிகள் கொண்ட தொடராக ஆக்கியது. இத்தொடர் 1990களில் தூர்தர்சனில் இந்தியில் ஒளிபரப்பாகி இந்தியச் சிறுவரிடையே பெரும் புகழ் பெற்றது. டிஸ்னி படத்தில் பலூ கரடியின் ஆட்டமும் சேர்கான் புலியின் சோம்பலான நடையும் நுணுக்கமாக வரையப்பட்டுள்ளன. ஏறத்தாழ 20 மணி நேரம் ஓடும் ஜப்பானியத் தொடரில் அத்தகைய அசைவு இல்லை. ஆனால் மௌக்லி வளர்வதையும், ஓநாய்க் கூட்டத்தின் உறவுகளையும், மனிதருக்கும் காட்டுக்கும் இடையில் அவன் தடுமாறுவதையும் சொல்ல அதற்கு நேரம் இருந்தது. ஒரே செலவை 78 நிமிடத்தில் கொட்டுவதும் 20 மணி நேரத்துக்குப் பரப்புவதும் ஒரே விளைவைத் தரமாட்டா.

படங்களை மீண்டும் பயன்படுத்தியது ஜப்பானியர் மட்டுமன்று. டிஸ்னியின் ராபின் ஹூட் (1973) படத்தின் நடனக் காட்சியில், ஜங்கிள் புக், ஸ்னோ ஒயிட் உள்ளிட்ட பழைய படங்களின் அசைவுகள் மீண்டும் பயன்படுத்தப்பட்டுள்ளன.

இராமாயணம்: இளவரசன் இராமனின் கதை

இரு மரபுகளும் ஒரே படத்தில் சந்தித்தது யூகோ சாகோ உருவாக்கிய இராமாயண இயங்குபடத்தில் ஆகும். ஜப்பானிய ஆவணப்பட இயக்குநரான சாகோ, தொல்லியலாளர் பி. பி. லாலின் அகழாய்வு பற்றிய ஆவணப்படப் பணியின்போது இராமாயணத்தை அறிந்து அதில் ஈடுபாடு கொண்டார். அயல்நாட்டவர் ஒருவர் இராமாயணத்தைப் படமாக்குவதற்கும், தெய்வங்களைக் கார்ட்டூனாகக் காட்டுவதற்கும் இந்தியாவில் எதிர்ப்பு எழுந்தது. இதனால் படம் முதன்மையாக ஜப்பானிலேயே தயாரிக்கப்பட்டது. சாகோ, ராம் மோகன், கோயிச்சி சசாக்கி ஆகிய மூவரும் இயக்கினர். வன்ராஜ் பாட்டியா இசையமைத்தார். ஏறத்தாழ 450 ஓவியர்கள் இதில் பணியாற்றினர்.

டிஸ்னி ஓவியரிடம் பயின்ற இந்தியரும் ஜப்பானிய ஓவியர்களும் இணைந்த இப்படத்தில், எது அமெரிக்கப் பாணி, எது ஜப்பானியப் பாணி என்று கோடு கிழிப்பது கடினம். வேட்டி கட்டும் முறை, வணங்கும் கை, தரையில் அமரும் விதம் போன்றவை ஜப்பானிய ஓவியர்களுக்குப் புதியவை ஆதலால் இந்தியரின் வழிகாட்டல் தேவைப்பட்டது. அசைவின் தரம் என்பது எத்தனை படங்கள் வரையப்பட்டன என்பதில் மட்டுமன்றி, அசைபவரை ஓவியர் எவ்வளவு அறிந்துள்ளார் என்பதிலும் தங்கியுள்ளது.

படம் 1993 சனவரியில் புது தில்லியில் நடந்த இந்தியப் பன்னாட்டுத் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. அயோத்தி நிகழ்வுகளை அடுத்து நாட்டில் பதற்றம் நிலவிய காலம் அது. அப்போது படம் இந்தியத் திரையரங்குகளில் பரவலாக வெளியாகவில்லை. பின்னர் தொலைக்காட்சி வழியாகவே ஒரு தலைமுறைச் சிறுவர்கள் இதனை அறிந்தனர். சாகோ 2012 இலும் ராம் மோகன் 2019 இலும் காலமாயினர். தெளிவு மேம்படுத்தப்பட்ட படம் 2025 சனவரி 24 அன்று தமிழ் உள்ளிட்ட மொழிகளில் இந்தியத் திரையரங்குகளில் வெளியானது. அதனைக் காண அவ்விருவரும் உயிருடன் இல்லை.

தமிழ்நாட்டில்

சென்னையில் இயங்கிய பெண்டாமீடியா கிராபிக்ஸ் நிறுவனம் முப்பரிமாணக் கணினி இயங்குபடங்களில் முன்னோடியாக விளங்கியது. பாண்டவர் கதையையும் சிந்துபாத் கதையையும் அது 2000 ஆம் ஆண்டளவில் முழுநீளப் படங்களாக ஆக்கியது. சிந்துபாத் படத்தில் நடிகரின் உடலசைவைக் கருவிகளால் பதிவு செய்து கணினி உருவத்துக்கு ஏற்றும் அசைவுப் பதிவு நுட்பம் பயன்பட்டது. இனிமே நாங்கதான் (2007) தமிழில் வெளிவந்த முப்பரிமாண இயங்குபடம். சௌந்தர்யா இயக்கத்தில் ரசினிகாந்த் நடித்த கோச்சடையான் (2014) அசைவுப் பதிவு நுட்பத்தில் ஆக்கப்பட்டது.

கோச்சடையான் இந்த ஒப்பீட்டுக்கு ஒரு முக்கியமான சான்று. அதிலுள்ள அசைவுகள் உண்மையான மனிதரிடமிருந்து பதிவானவை. ஆயினும் உருவங்களின் முகங்களில் உயிரோட்டம் குறைவு எனப் பல விமர்சகர்கள் குறிப்பிட்டனர். நொடிக்கு 8 படங்களே கொண்ட ஒரு முகம் அழவைக்க முடியும் என்பதும், நொடிக்கு 24 படங்கள் கொண்ட முகம் வெறுமையாகத் தோன்ற முடியும் என்பதும் இதிலிருந்து அறியப்படும்.

தரம் பற்றிய பரவலான தவறான கருத்துகள்

படங்களின் எண்ணிக்கை கூடினால் தரம் கூடும் என்பது முதல் தவறு. அமெரிக்காவின் ஸ்பைடர்-மேன்: இன்டு தி ஸ்பைடர்-வெர்ஸ் (2018) படத்தில், அனுபவமற்ற நாயகனின் தடுமாற்றத்தைக் காட்டுவதற்காகவே அவனுடைய அசைவுகள் பல இடங்களில் இரண்டில் அமைக்கப்பட்டன, அனுபவமுள்ளவரின் அசைவுகள் ஒன்றில் அமைந்தன. இங்கே குறைவான படங்கள் சிக்கனத்துக்காக அன்றி, பொருளுக்காகத் தெரிவு செய்யப்பட்டன.

திரைப்படத்தைத் தொலைக்காட்சித் தொடருடன் ஒப்பிடுவது இரண்டாவது தவறு. டிஸ்னியின் திரைப்படத்தை ஆஸ்ட்ரோ பாயுடன் ஒப்பிட்டால் ஜப்பானியர் பின்தங்கியவராகவும், அகிராவைப் பிளின்ட்ஸ்டோன்சுடன் ஒப்பிட்டால் அமெரிக்கர் பின்தங்கியவராகவும் தோன்றுவர். திரைப்படத்தைத் திரைப்படத்துடனும் தொடரைத் தொடருடனும் ஒப்பிடுவதே முறையாகும்.

அமெரிக்கப் படங்கள் சிறுவருக்கு, ஜப்பானியப் படங்கள் பெரியவருக்கு என்பது மூன்றாவது தவறு. 1989 முதல் ஒளிபரப்பாகும் சிம்ப்சன்ஸ் பெரியவர்களையும் கருதி ஆக்கப்பட்ட அமெரிக்கத் தொடர். 1969 முதல் ஒளிபரப்பாகும் சசாயே-சான் குடும்பத்தினர் அனைவருக்குமான ஜப்பானியத் தொடர்.

ஒரு படம் அதன் நாட்டவரால் மட்டுமே வரையப்பட்டது என்று கருதுவது நான்காவது தவறு. தி லாஸ்ட் யூனிகார்ன் (1982) என்ற அமெரிக்கப் படத்தை வரைந்தது ஜப்பானின் டாப்கிராப்ட் நிறுவனம். அதே நிறுவனமே மியசாக்கியின் நௌசிக்கா (1984) படத்தையும் வரைந்தது. அனிமே பாணியைத் தழுவிய அமெரிக்கத் தொடரான அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர் (2005-2008) தென் கொரிய நிறுவனங்களில் வரையப்பட்டது. இரு நாடுகளின் நிறுவனங்களும் இடைப்படம் போன்ற பணிகளைப் பல ஆசிய நாடுகளுக்கு அனுப்பி வந்துள்ளன. ஜப்பானில் இடைப்படம் வரையும் புதியவர்களுக்குப் படத்துக்கு இவ்வளவு என்ற கணக்கில் குறைந்த கூலி வழங்கப்படுவது நீண்டகாலச் சிக்கலாக உள்ளது. தரம் பற்றிய உரையாடல்களில் இவ்வுழைப்பாளர்கள் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.

ஆகவே ஓர் இயங்குபடத்தை மதிப்பிடும்போது, எந்நாட்டுப் படம் என்பதற்கு முன் வேறு சில கேள்விகளை எழுப்பலாம். ஆக்கியோருக்கு எவ்வளவு காலம் கிடைத்தது? வரைந்த படங்கள் எந்தக் காட்சிகளில் செலவிடப்பட்டன? அசையாமல் விட்ட இடம் கதைக்குப் பயன்பட்டதா, வெறும் சிக்கனமா? உப்பளக் காட்சியில் 120 படங்களும் சரியே, 28 படங்களும் சரியே. அந்தத் தொழிலாளியைப் பற்றி என்ன சொல்ல வேண்டும் என்பதே எதைத் தெரிவு செய்வது என்பதைத் தீர்மானிக்கும்.

இவற்றையும் பார்க்க

இயங்குபடம்
அனிமே
மங்கா
வால்ட் டிஸ்னி
ஒசாமு தெசூக்கா
ராம் மோகன்